மயிலாப்பூர் தோமையார் கல்லறை: திருப்பண்டங்கள் குறித்த ஐயமும் விவாதமும்

சென்னை மயிலாப்பூரின் கடற்கரையை ஒட்டி நிற்கும் சாந்தோம் பேராலயம், இயேசுவின் பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவரான தோமையாரின் கல்லறை மீது எழுப்பப்பட்டது என்பது மரபு. அங்கே சிறிய எலும்புத் துண்டு ஒன்றும் ஈட்டி முனை ஒன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன. தென்மேற்கே பரங்கிமலை ஆலயத்தில், தோமையாரே செதுக்கினார் என்று நம்பப்படும் கற்சிலுவை ஒன்று உள்ளது. புனிதர் ஒருவரின் உடற்பகுதியையும் அவரோடு தொடர்புடைய பொருளையும் கிறித்தவர்கள் திருப்பண்டம் என்று அழைப்பர்.

இத்திருப்பண்டங்கள் உண்மையில் தோமையாருக்கு உரியவைதாமா என்ற விவாதம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்து வருகிறது. ஆதரிப்போரும் மறுப்போரும் பெரும்பாலும் ஒரே தவற்றைச் செய்கின்றனர். தோமையார் இந்தியாவுக்கு வந்தாரா? அவர் மயிலாப்பூரில் இறந்து அடக்கம் செய்யப்பட்டாரா? 1523இல் அங்கே தோண்டி எடுக்கப்பட்ட எலும்புகள் அவருடையவையா? இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். முதற்கேள்விக்கு "ஆம்" என்று விடை சொல்வதால் மற்ற இரண்டும் உறுதியாகிவிடுவதில்லை. மூன்றாவதற்கு "இல்லை" என்பதால் முதலாவது பொய்யாகிவிடுவதும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உள்ள சான்றுகளைத் தனித்தனியே பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிகப் பழைய சான்று சொல்வது என்ன?

தோமையாரின் இந்தியப் பயணத்தை விரிவாகக் கூறும் மிகப் பழைய நூல் "தோமாவின் பணிகள்". கி.பி. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இன்றைய துருக்கியின் தென்கிழக்கில் உள்ள எதெசா நகரப் பகுதியில், சிரியாக் மொழியில் இது எழுதப்பட்டதாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். திருச்சபை இதை விவிலியத்தில் சேர்க்கவில்லை. குந்தபர் என்ற இந்திய அரசனுக்கு அரண்மனை கட்டித் தருவதாகப் பணம் பெற்று, அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடும் தச்சராக இந்நூலில் தோமையார் வருகிறார். பின்னர் மஸ்தை என்ற மற்றோர் அரசனின் நாட்டில், அவன் ஆணைப்படி நான்கு வீரர்களால் ஈட்டியால் குத்தப்பட்டு இறக்கிறார். பழைய அரசர்களின் கல்லறையில் அவர் அடக்கம் செய்யப்படுகிறார்.

திருப்பண்ட விவாதத்துக்கு மிக இன்றியமையாதது இந்நூலின் இறுதிப் பகுதி. நெடுநாள் கழித்து மஸ்தையின் மகன் நோயுறுகிறான். தோமையாரின் எலும்பு ஒன்றை எடுத்து மகன் மேல் அணிவிக்கலாம் என்று அரசன் கல்லறையைத் திறக்கிறான். உள்ளே எலும்புகள் இல்லை. சீடர் ஒருவர் அவற்றை ஏற்கெனவே இரகசியமாக மேற்குத் திசைக்கு எடுத்துச் சென்றுவிட்டார். அரசன் அவ்விடத்து மண்ணை எடுத்து மகனுக்கு இடுகிறான்; மகன் குணமடைகிறான்.

ஆக, தோமையாரின் கல்லறை வெறுமையாக இருந்தது என்ற செய்தி பிற்கால ஐயவாதிகள் கிளப்பியதன்று. அவர் இந்தியாவில் இறந்தார் என்று முதன்முதலாகச் சொல்லும் நூலே அதையும் சொல்கிறது.

குந்தபர் என்ற பெயர் நெடுங்காலம் கற்பனை என்றே கருதப்பட்டது. 1830களில் ஆப்கானிஸ்தான் பகுதியில் அவனுடைய காசுகள் கிடைக்கத் தொடங்கிய பின் நிலைமை மாறியது. இன்றைய பாகிஸ்தானில் உள்ள தக்த்-இ-பாகியில் கிடைத்த கல்வெட்டைக் கொண்டு, அவன் கி.பி. 1ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆண்டவன் எனக் கணிக்கின்றனர். இது ஆதரவாளர்களின் வலுவான வாதம். நூலாசிரியருக்கு உண்மையான ஓர் அரசனின் பெயர் தெரிந்திருந்தது என்பதை இது காட்டுகிறது. ஆனால் அந்த அரசன் ஆண்டது சிந்து நதிப் பகுதியை. சோழமண்டலக் கரையை அன்று. வரலாற்றில் வாழ்ந்த அரசன் ஒரு கதையில் வருவதால் கதை முழுவதும் வரலாறாகிவிடாது என்பதும் மறுப்போரின் பதில்.

எதெசாவுக்கும் ஓர்த்தோனாவுக்கும் சென்ற எலும்புகள்

எலும்புகள் மேற்கே சென்றன என்ற செய்தியை 4ஆம் நூற்றாண்டுச் சான்றுகள் தொடர்ந்து கூறுகின்றன. கி.பி. 373இல் மறைந்த சிரியக் கவிஞர் எபிரேம், இந்தியாவிலிருந்து ஒரு வணிகர் தோமையாரின் எலும்புகளை எதெசாவுக்குக் கொண்டுவந்ததாகப் பாடியுள்ளார். 384இல் எதெசாவுக்கு வந்த எகேரியா என்ற பெண் பயணி, தோமையாரின் நினைவாலயத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். 394இல் எலும்புகள் அந்நகரின் பெரிய ஆலயத்துக்கு மாற்றப்பட்டன.

1144இல் எதெசா செங்கியின் படைகளிடம் வீழ்ந்தது. பிறகு எலும்புகள் கிரேக்கத் தீவான கியோசுக்குச் சென்றதாகவும், அங்கிருந்து 1258இல் இத்தாலியக் கடலோடிகள் அவற்றைத் தங்கள் ஊரான ஓர்த்தோனாவுக்கு எடுத்துச் சென்றதாகவும் மரபு கூறுகிறது. ஓர்த்தோனாப் பேராலயத்தில் அவை இன்றும் வைக்கப்பட்டுள்ளன. அங்கிருந்து பெறப்பட்ட கை எலும்பு ஒன்று 1953 டிசம்பரில் கேரளத்தின் கொடுங்ஙல்லூருக்கு அருகே உள்ள அழிக்கோட்டில் நிறுவப்பட்டது. இந்திய மண்ணில் தோமையாரின் எலும்பை நிறுவ இத்தாலியிலிருந்து அதைப் பெறவேண்டியிருந்தது என்பது சிந்திக்கத் தக்கது.

இச்சங்கிலியிலும் ஓட்டைகள் உண்டு. எதெசாவிலிருந்து கியோசு வரையான பயணத்துக்கு உறுதியான சமகாலச் சான்று இல்லை. ஆயினும் "எலும்புகள் எங்கே?" என்ற கேள்விக்குத் தொன்மையான சான்றுகள் சுட்டும் இடம் எதெசாதான்.

மயிலாப்பூர் எப்போது வரலாற்றில் தோன்றுகிறது?

பழைய நூல்கள் எதுவும் தோமையார் இறந்த இடத்தை மயிலாப்பூர் என்று பெயரிட்டுச் சொல்லவில்லை. பிற்கால மேலை நூல்கள் "கலமினா" என்கின்றன. அந்த ஊர் எது என்று இதுவரை யாரும் ஐயமற நிறுவவில்லை. அக்கால மேலை எழுத்தாளர்களுக்கு "இந்தியா" என்ற சொல் சில இடங்களில் தென் அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூடக் குறித்தது என்பது மற்றொரு சிக்கல். 6ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரையிலும் இலங்கையிலும் கிறித்தவர் இருந்ததைக் குறிப்பிடும் கடல்வணிகர் காஸ்மாஸ், தோமையாரின் கல்லறையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சு நாட்டு ஆயர் கிரகோரி, எலும்புகள் முதலில் இருந்த இந்திய இடத்தில் ஓர் ஆலயமும் மடமும் உள்ளன என்று, நேரில் சென்று வந்த ஒருவர் சொல்லக் கேட்டு எழுதினார். இடத்தின் பெயரை அவரும் தரவில்லை.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் தெளிவு பிறக்கிறது. 1292-93 அளவில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் ஆட்சிக்குட்பட்ட மாபார் நாட்டில், மக்கள் அதிகம் இல்லாத சிற்றூர் ஒன்றில் தோமையாரின் உடல் இருப்பதாக எழுதினார். கிறித்தவரும் இசுலாமியரும் அவ்விடத்துக்கு வருகின்றனர். அங்குள்ள செம்மண்ணை எடுத்துச் சென்று நீரில் கலந்து காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுக்கின்றனர் என்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சிரியாக் நூலில் அரசன் மகனைக் குணமாக்கியதும் கல்லறை மண்தான். 15ஆம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ தெ கோந்தி ஊரின் பெயரையும் தருகிறார். அங்கே நெசுத்தோரியக் கிறித்தவர்கள் ஆயிரம் பேர் வாழ்வதாகவும் குறிப்பிடுகிறார்.

எனவே போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கு தோமையாரின் பெயரில் வழிபாட்டிடம் இருந்தது உறுதி. "எல்லாம் போர்த்துக்கேயர் கட்டிய கதை" என்ற எதிர்ப்பு வாதம் இவ்விடத்தில் நிற்காது.

மயிலும் அம்பும்

தோமையார் இறந்த விதம் பற்றி மார்க்கோ போலோ உள்ளூரில் கேட்ட கதை, "தோமாவின் பணிகள்" கூறுவதிலிருந்து வேறுபட்டது. தோமையார் காட்டில் தம் குடிலுக்கு வெளியே மயில்கள் சூழ இறைவனை வேண்டிக்கொண்டிருந்தார். மயில் வேட்டையாட வந்த ஒருவன் எய்த அம்பு தவறி அவர் விலாவில் பாய்ந்தது. கொல்லும் நோக்கம் அவனுக்கு இல்லை. கட்டளையிட்ட அரசனும் கதையில் இல்லை.

1516 அளவில் எழுதிய போர்த்துக்கேயர் துவார்த்தே பார்போசா இதே கதையின் இன்னொரு வடிவத்தைத் தருகிறார். வேடன் மயில் ஒன்றை எய்தான், அது விழுந்து மனித உருவம் பெற்றது, அவர்தாம் தோமையார். அப்போது ஆலயம் சிதைந்து கிடந்தது. ஏழை இசுலாமியர் ஒருவர் அங்கே விளக்கேற்றிப் பார்த்துக்கொண்டார் என்றும் பார்போசா எழுதுகிறார்.

மயிலாப்பூர் என்ற பெயரோடு மயிலை இணைப்பது தமிழ் மரபு. கற்பகாம்பாள் மயில் உருவில் சிவனை வழிபட்டாள் என்பது கபாலீசுவரர் கோயிலின் தலபுராணம். ஊரின் பெயரிலிருந்து எழுந்த மயில் கதை, அங்கு வாழ்ந்த கிறித்தவரின் புனிதர் கதைக்குள்ளும் புகுந்தது என்று கருத இடமுண்டு. எவ்வாறாயினும் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இவ்வூர் சொன்ன கதையில் கொலைக்கருவி அம்பே. இது அடுத்து வரும் அகழ்வைப் புரிந்துகொள்ள உதவும்.

1523ஆம் ஆண்டு அகழ்வு

1517இல் போர்த்துக்கேயர் சிலர் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் வழிகாட்டலில் சிதைந்த ஆலயத்துக்கு வந்தனர். 1523இல் அதைப் பழுதுபார்க்கும் பணி தொடங்கியது. கல்லறை எனக் கருதப்பட்ட இடத்தை ஆழமாகத் தோண்டியபோது மண்டையோடு, விலா எலும்பு முதலியவற்றின் சிதைந்த பகுதிகளும், ஓர் இரும்பு ஈட்டி முனையும், மண் நிறைந்த ஒரு பானையும் கிடைத்தன. அது தோமையாரின் குருதி தோய்ந்த மண் என்று விளக்கம் தரப்பட்டது. எலும்புகள் பெட்டியில் வைத்துப் பூட்டப்பட்டன. 1533இல் ஆளுநர் நூனோ த குன்யாவின் ஆணைப்படி இதுபற்றிச் சாட்சிகளின் வாக்குமூலங்கள் பதிவு செய்யப்பட்டன. இன்று நமக்கு அகழ்வின் விவரங்கள் தெரிவது இத்தகைய பதிவுகளாலும் போர்த்துக்கேய வரலாற்று நூல்களாலுமே.

இதில் எழும் ஐயங்கள் மூன்று. முதலாவது, கல்லறையில் தோமையாரின் பெயர் பொறித்த கல்வெட்டு எதுவும் கிடைத்ததாகச் செய்தி இல்லை. தோண்டியவர்கள் யாரைத் தேடினார்களோ அவரையே கண்டதாக முடிவு செய்தனர். இரண்டாவது, உள்ளூர்க் கதையில் இருந்தது அம்பு. கிடைத்ததோ ஐரோப்பியர் நூல்வழி அறிந்திருந்த ஈட்டி. ஈட்டி முனை கிடைத்ததால் கதை உறுதியாயிற்றா, கதை தெரிந்திருந்ததால் துருப்பிடித்த இரும்பு ஈட்டி முனையாகக் காணப்பட்டதா என்பது இன்று சொல்ல முடியாதது. மூன்றாவது, எலும்புகள் 4ஆம் நூற்றாண்டிலேயே எதெசாவில் இருந்தன என்றால் இங்கே கிடைத்தவை எவை?

மூன்றாவது ஐயத்துக்கு ஆதரவாளர்கள் தரும் விடை, எலும்புகளில் ஒரு பகுதி மட்டுமே மேற்கே சென்றது என்பது. திருப்பண்டங்களைப் பங்கிடும் வழக்கம் இருந்ததால் இது நடந்திருக்கக்கூடியதே. ஆனால் பழைய நூல் அப்படிச் சொல்லவில்லை. கல்லறையில் எலும்பு கிடைக்கவில்லை என்றே சொல்கிறது. மேலும், புனிதர் ஒருவரின் கல்லறைக்கு அருகே தம்மையும் அடக்கம் செய்ய விரும்புவது கிறித்தவரின் பழைய வழக்கம். மார்க்கோ போலோ காலத்தில் சீனத்துக்குச் சென்ற மறைப்பணியாளர் மொந்தேகொர்வினோ யோவான், வழியில் இறந்த தம் தோழரைத் தோமையார் ஆலயத்தில்தான் அடக்கம் செய்தார். அவ்விடத்தில் எலும்புகள் கிடைப்பதில் வியப்பில்லை. அவை யாருடையவை என்பதே கேள்வி.

பரங்கிமலைச் சிலுவை: விடை கிடைத்த ஒரு புதிர்

எலும்புகளைப் போலன்றி, பரங்கிமலைச் சிலுவையைப் பொறுத்தவரை விவாதம் பெருமளவு முடிவுக்கு வந்துவிட்டது. 1547இல் மலையுச்சியில் சிற்றாலயம் கட்டக் கடைகால் தோண்டியபோது இக்கல் கிடைத்தது. அதில் சிலுவையும், அதைச் சுற்றி ஒரு வரி எழுத்தும் செதுக்கப்பட்டிருந்தன. கல்லில் செந்நிறக் கறைகளும் காணப்பட்டன. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்தபோது இச்சிலுவை குருதி வியர்த்ததாகவும், 1704 வரை அவ்வப்போது அது நிகழ்ந்ததாகவும் ஆலய மரபு கூறுகிறது.

எழுத்தை அறியப் போர்த்துக்கேயர் உள்ளூர் அறிஞர்களை நாடினர். பிராமணர் ஒருவர் அதைப் படித்து, தோமையாரின் வருகையும் இறப்பும் உட்பட நீண்டதொரு வரலாற்றையே அதில் கண்டதாகச் சொன்னார். இவ்விளக்கம் ஐரோப்பா வரை பரவியது. ஆனால் சிறிய ஒற்றை வரிக்குள் அவ்வளவு செய்தி அடங்க வாய்ப்பே இல்லை.

1873இல் தென்னிந்தியத் தொல்லெழுத்து அறிஞர் ஏ. சி. பர்னெல், அது இந்திய எழுத்தே அன்று, பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று நிறுவினார். காலம் 7 அல்லது 8ஆம் நூற்றாண்டு எனக் கணித்தார். பின்வந்த அறிஞர்களின் வாசிப்புகள் தம்முள் வேறுபட்டாலும், சிலுவையைச் செய்தளித்தவருக்கு இரக்கம் காட்டுமாறு கிறித்துவை வேண்டும் சிறு வேண்டுதல் என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். தோமையாரின் பெயர் அதில் இல்லை. இதே வாசகம் கொண்ட சிலுவைகள் கேரளத்தில் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய ஊர்களிலும் உள்ளன.

ஆக இச்சிலுவையைத் தோமையார் செதுக்கியிருக்க முடியாது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடவில்லை. கி.பி. 849ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் பகலவி எழுத்தில் சாட்சிக் கையொப்பங்கள் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பாரசீகக் கிறித்தவ வணிகர்கள் மேலைக் கரையில் மட்டுமன்றித் தொண்டை நாட்டுக் கரையிலும் நிலைகொண்டிருந்தனர் என்பது தெளிவாகிறது. கதையாக இருந்தபோது திருத்தூதர் ஒருவரைப் பற்றி மட்டுமே பேசிய கல், சரியாகப் படிக்கப்பட்ட பின் மறக்கப்பட்ட ஒரு சமூகத்தின் இருப்பைச் சொல்கிறது.

கொங்கு நாட்டுக் காசுகள் எதை நிறுவுகின்றன?

கடற்கரை ஊரின் விவாதத்தில் கொங்கு நாடும் இடம்பெறுகிறது. மேலைக் கரையில் முசிறியில் இறங்கியதாகச் சொல்லப்படும் ஒருவர் கீழைக் கரைக்கு வர முடியுமா என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைப் பகுதியைக் கடந்து கரூர் செல்லும் பெருவழியில் உரோமானியக் காசுப் புதையல்கள் பல கிடைத்துள்ளன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் 500க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டைப் பகுதியின் பூதிநத்தத்தில் 1,000க்கும் மேற்பட்டவை கிடைத்தன. இவற்றில் அகசுத்தசு, திபேரியு ஆகிய பேரரசர்களின் காசுகள் மிகுதி. இயேசு சிலுவையில் அறையப்பட்டது திபேரியுவின் ஆட்சியில்தான்.

பவானி அமைந்துள்ள ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரைக் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்குதலுக்கும் மணிக்கல் தொழிலுக்கும் தொலைதூர வணிகத்துக்கும் சான்றளித்தன. கொங்கின் நீலப் பச்சைக் கற்கள் உரோமையர் விரும்பி வாங்கியவை.

இச்சான்றுகள் ஒன்றை ஐயமின்றிக் காட்டுகின்றன: கி.பி. 1ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து ஒருவர் தமிழகம் வந்து, கரைக்குக் கரை பயணம் செய்வது முற்றிலும் இயலக்கூடியது. பயணம் இயலும் என்பது வேறு, பயணம் நடந்தது என்பது வேறு. பாதை இருந்தது என்பதால் குறிப்பிட்ட ஒருவர் அதில் நடந்தார் என்று சொல்லிவிட முடியாது. அதேபோல், சங்க நூல்களில் தோமையார் குறிப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அவர் வரவில்லை என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. யவனரைப் பொதுவாகப் பாடிய புலவர்கள் அவர்களில் யாரையும் தனிப்பெயர் சொல்லிப் பாடும் தேவை கொண்டவர்கள் அல்லர்.

அறிவியல் ஆய்வு முடிவு சொல்லுமா?

இத்தாலியின் தூரின் நகரில் இயேசுவின் உடலைப் போர்த்தியதாகக் கூறப்படும் துணி உள்ளது. 1988இல் மூன்று ஆய்வகங்கள் கதிரியக்கக் கரிமக் கணிப்பு செய்து, அது 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது என்றன. 1389இலேயே பிரான்சு நாட்டு ஆயர் ஒருவர் அதைப் போலி என எழுதியிருந்தார். அதன் பிறகும் விவாதம் ஓயவில்லை.

தோமையார் எலும்புகளுக்கும் இத்தகைய ஆய்வு ஓரளவே உதவும். காலம் 10ஆம் நூற்றாண்டு என வந்தால் அவை தோமையாருடையவை அல்ல என்று உறுதியாகச் சொல்லலாம். 1ஆம் நூற்றாண்டு என வந்தாலோ, அக்காலத்தில் வாழ்ந்த யாரோ ஒருவருடையவை என்பதற்கு மேல் சொல்ல முடியாது. எலும்பின் வயதை அறியலாம். பெயரை அறிய முடியாது.

விவாதத்தின் பின்னணி

ஆய்வாளரிடையே கருத்து பிரிந்தே இருந்தது. ஜார்ஜ் மில்ன் ரே 1892இலும், செருமானிய இந்தியவியலாளர் ரிச்சர்டு கார்பே 1914இலும் தென்னிந்திய வருகையை மறுத்தனர். ஆயர் மெட்லிகாட் 1905இல் ஆதரித்து விரிவான நூல் எழுதினார்.

தமிழகத்தில் இவ்விவாதம் சமய அடையாளத்தோடும் அரசியலோடும் பின்னிக்கிடக்கிறது. ஒருபுறம், தோமையாருக்கும் திருவள்ளுவருக்கும் தொடர்பு உண்டு என்று நிறுவும் முயற்சிகள் நடந்தன. 1970களில் அதற்கான சான்றுகளைத் தேடித் தருவதாகச் சொன்ன ஒருவர், போலி ஆவணங்களைக் காட்டிச் சென்னை-மயிலைப் பேராயரிடம் பெருந்தொகை பெற்றார். பின்னர் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு நீதிமன்றம் தண்டனை விதித்தது. மறுபுறம், சாந்தோம் வளாகத்தில் கிடைத்த பழைய கோயில் கற்களைச் சுட்டி, கபாலீசுவரர் கோயில் முன்பு கடற்கரையில் இருந்து போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது என்ற கருத்தும் முன்வைக்கப்படுகிறது. போர்த்துக்கேயர் செய்தவற்றை ஆராய்வது தேவையே. ஆனால் அதன் விடை எதுவாயினும், தோமையார் வந்தாரா என்ற கேள்விக்கு அது விடையாகாது.

2006 செப்டம்பரில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், தோமையார் மேற்கு இந்தியா வரை வந்ததாகவும், அங்கிருந்து கிறித்தவம் தென்னிந்தியாவை அடைந்ததாகவும் பொருள்படப் பேசினார். கேரளக் கிறித்தவரிடையே எதிர்ப்பு எழுந்தது. பின்னர் வத்திக்கான் வெளியிட்ட உரையில் அவ்வாசகம் திருத்தப்பட்டது. நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்தி ஒன்றின் ஒரு சொல்கூட இன்று எவ்வளவு உணர்வுப்பூர்வமானது என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முடிவு

மூன்று கேள்விகளுக்கும் சான்றுகள் தரும் விடை ஒரே அளவினதன்று. தோமையார் இந்தியாவுக்கு வந்திருக்கலாம். 3ஆம் நூற்றாண்டிலிருந்து தொடரும் மரபும் வணிக வழிகளும் அதற்கு இடமளிக்கின்றன, ஆனால் நிறுவவில்லை. மயிலாப்பூரே அவர் இறந்த இடம் என்பதற்கு 13ஆம் நூற்றாண்டுக்கு முன் தெளிவான சான்று இல்லை. 1523இல் கிடைத்த எலும்புகள் அவருடையவை என்ற கூற்று மூன்றிலும் மெலிந்தது. பரங்கிமலைச் சிலுவை அவருடையது அன்று, பாரசீகக் கிறித்தவருடையது.

உறுதியாகத் தெரிவதும் ஒன்று உண்டு. கிறித்தவர் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விடத்தைப் புனிதமாகக் கருதி வந்துள்ளனர். மார்க்கோ போலோ காலம் முதல் இசுலாமியரும் இங்கு வந்து வணங்கியதற்குப் பதிவுண்டு. கத்தோலிக்கத் திருச்சபை இன்று தோமையார் விழாவை சூலை 3 அன்று கொண்டாடுகிறது. பழைய நாட்காட்டிகள் அந்நாளை, அவருடைய எலும்புகள் இந்தியாவிலிருந்து எதெசாவுக்குச் சென்ற நாளாகக் குறிக்கின்றன. சாந்தோமில் கொடியேற்றிக் கொண்டாடப்படும் அந்த விழா நாளே, கல்லறை வெறுமையான செய்தியையும் தன்னுள் வைத்திருக்கிறது.